முதல் படியும் கடைசிப் படியும்

பழைய வீட்டைப் புதுப்பிக்கிறவர்கள் தரைக்கு டைல்ஸ் மாற்றுகிற கையோடு படிக்கட்டுக்கும் கிரானைட் போட்டுவிடுவது இப்போது வழக்கமாகிவிட்டது. கல்லின் நிறம், சதுர அடி விலை, விளிம்பை உருட்ட வேண்டுமா வேண்டாமா என்பதையெல்லாம் வீட்டில் எல்லோரும் கூடிப் பேசுகிறார்கள். படியின் உயரம் அந்தப் பேச்சில் வருவதே இல்லை. படிதான் ஏற்கெனவே இருக்கிறதே, அதன் மேல் ஒரு கல்லை ஒட்டப் போகிறோம், இதில் உயரத்துக்கு என்ன வேலை என்ற எண்ணம்தான் காரணம். ஆனால் அந்த ஒரு கல் படிக்கட்டின் இரு முனைகளையும் மாற்றிவிடுகிறது. அதைக் கவனிக்காமல் வேலையைத் தொடங்கினால் இரண்டு ஆபத்துகள் சேர்ந்தே வருகின்றன. ஒன்று, வேலை முடிந்த பிறகு அந்தப் படியில் நடப்பவருக்கு. மற்றொன்று, வேலை நடக்கும்போது கல்லை வெட்டுபவருக்கு. இரண்டும் தனித்தனிச் சிக்கல்களாகத் தெரிந்தாலும் வேர் ஒன்றே என்பதுதான் இக்கட்டுரையின் வாதம். கல்லில் பிளேடு படுவதற்கு முன்பு படிக்கட்டு முழுவதையும் அளந்து முடிக்காததே அந்த வேர்.

கணக்கைப் பார்ப்போம். தரையிலிருந்து மாடித் தரை வரை 3,200 மி.மீ., அதாவது பத்தரை அடி உயரம் உள்ள ஒரு வீடு. மொத்தம் 20 ஏற்றங்கள். ஒவ்வொன்றும் 160 மி.மீ. கால் வைக்கும் பரப்பை ட்ரெட் என்றும், செங்குத்தாக நிற்கும் முகப்பை ரைசர் என்றும் வேலைக்காரர்கள் சொல்வார்கள். 18 மி.மீ. கனமுள்ள கிரானைட்டை 27 மி.மீ. சாந்தின் மேல் பதித்தால் ஒவ்வொரு ட்ரெட்டும் 45 மி.மீ. உயர்கிறது. நடுவில் உள்ள படிகளுக்கு இதனால் எந்த மாற்றமும் இல்லை. கீழ்ப்படி உயர்ந்த அளவே மேல்படியும் உயர்வதால், இடையிலுள்ள ரைசர் அதே 160 மி.மீ.யாக இருக்கும். திருப்பத்து லேண்டிங்கிலும் அதே கல்லைப் போட்டால் அங்கும் வித்தியாசம் வராது. ஆனால் கீழ்த்தரை உயரவில்லை. ஆகவே முதல் ரைசர் 205 மி.மீ. ஆகிவிடும். மாடித் தரையும் உயரவில்லை, ஆகவே கடைசி ரைசர் 115 மி.மீ.யாகச் சுருங்கிவிடும். ஒரே படிக்கட்டில் முதல் ஏற்றத்துக்கும் கடைசி ஏற்றத்துக்கும் 90 மி.மீ. வேறுபாடு. பழைய தரை மேலேயே பசை வைத்து டைல்ஸ் ஒட்டி, கீழ்த்தரையை 15 மி.மீ. உயர்த்தினாலும் முதல் ரைசர் 190-இல்தான் வந்து நிற்கும். அடுத்த படியைவிட அது இன்னமும் 30 மி.மீ. அதிகம்.

இந்த மில்லிமீட்டர்கள் ஏன் முக்கியம் என்பதற்கு உடலிலேயே பதில் இருக்கிறது. படியேறும்போது ஒவ்வொரு படியையும் நாம் பார்த்துப் பார்த்துக் கால் வைப்பதில்லை. முதல் ஓரிரு படிகளில் கண்ணும் காலும் சேர்ந்து உயரத்தை எடைபோடுகின்றன. அதன் பிறகு அந்த அளவிலேயே கால் தானாக எழுகிறது, பார்வை வேறு எங்காவது போய்விடுகிறது. கால் விரல் நுனி படியின் விளிம்பைத் தாண்டிச் செல்லும் இடைவெளி சில சென்டிமீட்டர்தான். தேவைக்கு மேல் காலைத் தூக்கி உடல் தன் ஆற்றலை வீணாக்குவதில்லை. அந்தச் சிறிய இடைவெளியை ஒரு படியின் கூடுதல் உயரம் தின்றுவிட்டால் விரல் தட்டும். இறங்கும்போது நிலைமை இன்னும் மோசம். காலடியில் தளம் எங்கே கிடைக்கும் என்று மூளை முன்கூட்டியே கணக்கிட்டு, முழங்காலையும் கணுக்காலையும் அதற்கேற்ப இறுக்கி வைக்கிறது. தளம் எதிர்பார்த்ததைவிட முன்னதாக வந்தால் முதுகெலும்பு வரை அதிர்கிறது. தாமதமாக வந்தால் உடல் முன்னோக்கிச் சாய்கிறது.

இதை நியூயார்க் நகரத்துச் சுரங்க ரயில் நிலையம் ஒன்று ஊரறியக் காட்டியது. புரூக்ளினின் 36-ஆம் தெரு நிலையத்தில் தெருவுக்கு ஏறும் படிக்கட்டில் ஒரு படி மட்டும் மற்றவற்றைவிட ஓர் அங்குலத்தின் சிறு பகுதி உயரமாக இருந்தது. டீன் பீட்டர்சன் என்ற படப்பதிவாளர் 2012-இல் அங்கே கேமராவை வைத்துப் படம்பிடித்தார். இளைஞர், முதியவர், குழந்தையைத் தூக்கிவந்தவர் என ஒருவர் பின் ஒருவராக அதே படியில் தடுக்கினார்கள். படம் பரவியதும் ரயில் நிர்வாகம் அந்தப் படிக்கட்டை மூடிச் சரிசெய்தது. அத்தனை பேரும் கவனமில்லாதவர்கள் என்று சொல்ல முடியாது. மற்ற எல்லாப் படிகளும் சரியாக இருந்ததால்தான் அந்த ஒன்றை அவர்களின் கால்கள் நம்பின. நம் வீடுகளில் கல் பதிப்பதால் வரும் பிழை அந்த நியூயார்க் படியின் பிழையைவிடப் பல மடங்கு பெரியது. அது விழும் இடமும் மோசமான இடம். தரை நடையிலிருந்து படி நடைக்கும், படி நடையிலிருந்து தரை நடைக்கும் உடல் மாறுகிற முதல் சில படிகளிலும் கடைசிச் சில படிகளிலும்தான் மாடிப்படி விபத்துகள் அதிகம் என்பது இத்துறையில் நெடுநாளாகத் தெரிந்த செய்தி. கிரானைட்டின் கனம் தன் முழுப் பிழையையும் கொண்டுபோய் அங்கேயே சேர்க்கிறது.

படியின் உயரமும் அகலமும் நடையோடு பொருந்த வேண்டும் என்பது புதிய கண்டுபிடிப்பு இல்லை. பிரான்சின் அரசவைக் கட்டடக்கலைக் கழகத்தை நடத்திய பிரான்சுவா புளோண்டெல், 1675-இலிருந்து வெளிவந்த தம் கட்டடக்கலைப் பாடநூலில் ஒரு சூத்திரம் தந்தார். இரண்டு ஏற்றத்தோடு ஓர் அகலத்தைக் கூட்டினால் 24 பிரெஞ்சு அங்குலம், ஏறத்தாழ 65 செ.மீ., வரவேண்டும். சமதரையில் ஓர் அடியெடுப்பின் நீளத்திலிருந்து அவர் பெற்ற கணக்கு அது. இன்றும் சிறு திருத்தங்களோடு உலகெங்கும் புழங்குகிறது. இந்தியத் தேசியக் கட்டட விதித்தொகுப்பு வீடுகளுக்கு ரைசர் 190 மி.மீ.க்கு மிகக் கூடாது, ட்ரெட் 250 மி.மீ.க்குக் குறையக் கூடாது என்கிறது. அமெரிக்க வீட்டுக் கட்டட விதி இன்னும் ஒரு படி மேலே போய், ஒரே அடுக்கில் மிக உயரமான ரைசருக்கும் மிகக் குட்டையான ரைசருக்கும் உள்ள வேறுபாடு 9.5 மி.மீ.யைத் தாண்டக் கூடாது என்று எழுதிவைத்திருக்கிறது. அந்நாட்டுத் தீப்பாதுகாப்பு விதி, அடுத்தடுத்த இரு படிகளுக்கிடையே 5 மி.மீ.கூட அனுமதிப்பதில்லை. என்னைக் கேட்டால், நம் வீடுகளுக்கு 190, 250 என்ற எல்லைகளைவிட இந்தச் சீர்மை விதிதான் அவசரத் தேவை. கொஞ்சம் செங்குத்தாக இருந்தாலும் சீராக உள்ள படிக்கு உடல் பழகிக்கொள்ளும். சீரற்ற படிக்குப் பழகிக்கொள்ள வழி குறைவு.

இங்கே ஒரு நியாயமான மறுப்பு எழும். திருச்சி மலைக்கோட்டையிலும் பழனி மலையிலும் எத்தனையோ பழைய கோயில்களிலும் படிகள் ஒன்றுபோல் இருப்பதில்லை. தலைமுறை தலைமுறையாக மக்கள் ஏறி இறங்குகிறார்களே என்று கேட்கலாம். அந்தப் படிகளில் நாம் நடக்கும் விதமே வேறு. சீரில்லை என்பது கண்ணுக்கு உடனே தெரிவதால் குனிந்து பார்த்து, நிதானித்து, ஒவ்வொன்றாக ஏறுகிறோம். வீட்டுப் படியில் இடுப்பில் குழந்தையோடும், கையில் துணிக்கூடையோடும், மின்சாரம் போன இரவில் இருட்டோடும் இறங்குகிறோம். பார்க்காமல் நடப்பதற்கென்றே உள்ள படி அது. இருப்பவர்களுக்குப் பழகிவிடும் என்பது அடுத்த மறுப்பு. ஓரளவு உண்மைதான். வீட்டுக்காரர் ஒரு மாதத்தில் பழகிக்கொள்வார். விருந்தாளிக்கும் பேரப்பிள்ளைக்கும் அந்த ஒரு மாதம் கிடையாது. எழுபது வயதைக் கடந்து, கணுக்காலின் உணர்வும் கண்ணின் கூர்மையும் குறைந்தவருக்குப் பழைய பழக்கமே எதிரியாகிவிடும். நாற்பது ஆண்டுகள் 160 மி.மீ. ஏறிய கால் இன்றும் 160-க்குத்தான் எழும். உலகில் ஆண்டுதோறும் 6,84,000 பேர் கீழே விழுந்து இறக்கிறார்கள் என்று உலகச் சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. எல்லா வகை விழுதல்களும் சேர்ந்த எண்ணிக்கை இது. தற்செயல் காய மரணங்களில் சாலை விபத்துக்கு அடுத்த இடம் இதற்குத்தான்.

சரி, தீர்வு என்ன? தரை வேலையையும் படி வேலையையும் ஒன்றாகத் திட்டமிடுவது முதல் வழி. கீழ்த்தரையும் மாடித் தரையும் படியும் ஒரே அளவு உயர்ந்தால் எந்த ரைசரும் மாறாது. அப்படி உயர்த்தும்போது கதவுகளின் அடியைச் சீவ வேண்டியிருக்கும், தலைக்கு மேலுள்ள இடைவெளியையும் பார்க்க வேண்டும். தரையைத் தொடப் போவதில்லை என்றால், படியின் மேலுள்ள பழைய மொசைக்கையோ சிமென்ட் பூச்சையோ கான்கிரீட் வரை கொத்தி எடுத்துவிட்டு, அந்தக் கனத்துக்குள் புதுக்கல்லை அடக்க வேண்டும். பூச்சு எவ்வளவு கனம் என்பது வீட்டுக்கு வீடு மாறும். ஒரு படியின் ஓரத்தில் கொத்திப் பார்த்தால் தெரிந்துவிடும். கெட்டிச் சாந்துக்குப் பதில் டைல் பசையில் பதித்தால் கல்லுக்கு அடியில் 27 மி.மீ. தேவையில்லை, 6 முதல் 10 மி.மீ. போதும். கொத்தும்போது கம்பி தெரிந்தால் உடனே நிறுத்த வேண்டும். படியைத் தாங்கும் சாய்தளத்தின் வலிமை அந்தக் கம்பியில் இருக்கிறது. இவ்வளவுக்குப் பிறகும் 12 மி.மீ. மிஞ்சுகிறது என்று வைத்துக்கொள்வோம். சாந்தின் கனத்தை மட்டும் கூட்டிக் குறைத்து இதைச் சமாளிக்க முடியாது. எல்லாப் படியும் குறைந்தது 12 மி.மீ. உயர்ந்தே தீரும் என்றால் அந்தத் தாவல் முதல் ரைசரில் இருந்துகொண்டேதான் இருக்கும். கீழ்முனையில் முதல் படி 4, இரண்டாவது படி 8, மூன்றாவது 12 மி.மீ. மட்டும் உயரும்படி அந்த இரண்டு படிகளையும் கூடுதலாகக் கொத்தினால், முதல் மூன்று ரைசர்கள் 164 மி.மீ. ஆகும். நடுவில் 160. மேல்முனையிலும் இதேபோலச் செய்தால் கடைசி மூன்று 156. அடுத்தடுத்த வேறுபாடு 4, மொத்த வேறுபாடு 8. மேலே சொன்ன இரண்டு விதிகளுக்குள்ளும் அடங்கிவிடுகிறது. கால் இதை உணராது.

இந்தக் கணக்கைப் போட்டு முடிக்கும்போது ஒவ்வொரு ட்ரெட்டின் நீளமும், அகலமும், ஒவ்வொரு ரைசரின் உயரமும் கையில் இருக்கும். இங்கேதான் நடப்பவரின் பாதுகாப்பும் வெட்டுபவரின் பாதுகாப்பும் ஒன்றாகின்றன. வழக்கமாக என்ன நடக்கிறது? சுமாரான அளவில் கற்களை வாங்கி வந்து இறக்கி, ஒவ்வொரு படிக்கும் வைத்துப் பார்த்து, வீட்டு வாசலிலோ கூடத்திலேயோ கைமெஷினால் உலர்வாக வெட்டுகிறார்கள். சுவர் நேராக இல்லை, முன்கூட்டியே வெட்டினால் பொருந்தாது என்பது இதற்குச் சொல்லப்படும் காரணம். சுவர் நேராக இல்லாதது உண்மை. பழைய வீடுகளில் ஒரு படியின் பின்பக்க நீளத்துக்கும் முன்பக்க நீளத்துக்கும் 5, 10 மி.மீ. வேறுபாடு இருப்பது சாதாரணம். மூலைமட்டம் வைத்து இரண்டு நீளத்தையும் தனித்தனியே அளந்து எழுதலாம். திருப்பத்தில் வரும் கோணல் படிகளுக்கு அட்டையை வெட்டி அச்சு எடுக்கலாம். கல்லின் அடிப்பக்கம் படி எண்ணை எழுதிவிடலாம். அதோடு, ட்ரெட்டுக்கும் சுவருக்கும் இடையே 5 மி.மீ. விடுவதில் தவறே இல்லை. பிறகு சுவரோரம் வரும் ஸ்கர்ட்டிங் கல் அந்த இடைவெளியை முழுமையாக மூடிவிடும். இப்படி அளவு எழுதிக் கொடுத்தால் கிரானைட் பட்டறையின் பெரிய மெஷின் தண்ணீர் பாய்ச்சி நேர்கோட்டில் வெட்டித் தரும். விளிம்பு உருட்டுவதும் அங்கேயே முடிந்துவிடும். வீட்டுக்குள் வெட்ட வேண்டியது ரெயிலிங் கம்பி வரும் இடம்போல இரண்டொன்றுதான் மிஞ்சும்.

உலர்வெட்டை ஏன் இவ்வளவு தவிர்க்க வேண்டும்? புவியியல்படி கிரானைட் எனத் தகும் கல்லில் ஐந்தில் ஒரு பங்குக்கு மேல் குவார்ட்ஸ் இருக்கும். அது படிகச் சிலிக்கா. கல்லை அரைக்கும்போது பறக்கும் தூசியில் கண்ணுக்குத் தெரிவது மூக்கிலும் தொண்டையிலும் நின்றுவிடும். நான்கு மைக்ரானுக்கும் சிறிய, கண்ணுக்கே தெரியாத துகள்தான் நுரையீரலின் காற்றறை வரை போகிறது. அங்கே காவலிருக்கும் உயிரணுக்கள் அதை விழுங்குகின்றன. செரிக்க முடியாமல் மடிகின்றன, உள்ளிருந்த துகள் வெளியே வந்து அடுத்த உயிரணுவுக்குப் போகிறது. ஒவ்வொரு சுற்றிலும் அந்த இடத்தில் வடு படிந்து கெட்டியாகிறது. இதுதான் சிலிக்கோசிஸ். வடுவான நுரையீரலைப் பழையபடி ஆக்கும் மருந்து இல்லை. படிகச் சிலிக்கா மனிதருக்குப் புற்றுநோய் தருவது என்று சர்வதேசப் புற்றுநோய் ஆய்வு முகமை 1997-இல் வகைப்படுத்தியது. கல் தொழில் மிகுந்த ராஜஸ்தான், தூசியால் வரும் நுரையீரல் நோய்களுக்கென்றே 2019-இல் ஒரு கொள்கை வகுத்தது. தொண்ணூறு சதவீதத்துக்கும் மேல்கூடக் குவார்ட்ஸ் இருக்கக்கூடிய செயற்கைக் கல்லை ஆஸ்திரேலியா 2024 ஜூலை முதல் தடைசெய்தது.

அளவைக் கணக்கிட்டால் இன்னும் தெளிவாகும். 18 மி.மீ. கனமுள்ள கல்லில் ஒரு மீட்டர் நீளத்துக்கு, இரண்டரை மி.மீ. அகலமான வெட்டு போட்டால் 45 கன சென்டிமீட்டர் கல் தூளாகிறது. எடை சுமார் 120 கிராம். அதில் முப்பது சதவீதம் குவார்ட்ஸ் என்றால் 36 கிராம். அதிலும் ஆயிரத்தில் ஒரு பங்குதான் நுரையீரல் வரை போகும் நுண்துகள் என்று வைத்துக்கொண்டாலும் 36 மில்லிகிராம். அமெரிக்கத் தொழிற்பாதுகாப்பு அமைப்பு 2016-இல் வகுத்த வரம்பு, எட்டு மணி நேரச் சராசரியாகக் கன மீட்டருக்கு 50 மைக்ரோகிராம். பத்துக்குப் பத்தடி அறையின் 27 கன மீட்டர் காற்றுக்கு இது 1.35 மில்லிகிராம்தான். ஒரே ஒரு வெட்டு அதைப்போல் இருபத்தைந்து மடங்குக்கு மேல் கொட்டுகிறது. சன்னலைத் திறந்து வைத்தால் போய்விடும் என்பார்கள். ஒரு மைக்ரான் துகள், காற்றே அசையாத அறையில் ஒன்றரை மீட்டர் இறங்க ஐந்து மணி நேரம் எடுக்கும். மின்விசிறி ஓடினால் இறங்கிய தூசியும் மறுபடி எழும். வீட்டுக்காரருக்கு இது சில நாள் தொல்லை. கல் வேலை செய்பவருக்கு நாளை அடுத்த வீடு, நாளன்றைக்கு அதற்கடுத்த வீடு. மூக்கில் கட்டும் கைக்குட்டை பெரிய தூசியை மட்டும் நிறுத்துவதால் நெஞ்சுக்குப் பாதுகாப்பாகி விடாது. கறுப்புக் கல்லில் குவார்ட்ஸ் குறைவு என்று சிலர் வாதிடலாம். சந்தையில் கறுப்பு கிரானைட் என விற்கும் பல கற்கள் உண்மையில் காப்ரோ, டாலரைட் வகை. அவற்றில் குவார்ட்ஸ் குறைவுதான். ஆனால் வண்டியில் வந்திறங்கும் கல் எந்த வகை என்பதை வேலையிடத்தில் யாரும் சோதிப்பதில்லை. எல்லாக் கல்லையும் குவார்ட்ஸ் உள்ளதாகவே நடத்துவதுதான் முறை.

வீட்டிலேயே வெட்டியாக வேண்டிய அந்த ஓரிரு வெட்டுக்கும் ஒழுங்கு உண்டு. வேலை வெட்டவெளியில் நடக்க வேண்டும். பிளேடு கல்லைத் தொடும் இடத்தில் தண்ணீர் இடைவிடாமல் விழ வேண்டும். தண்ணீர்க் குழாய் பொருத்த வசதியுள்ள மார்பிள் கட்டர் கடைகளில் கிடைக்கிறது. தண்ணீர் என்றதும் மின்சாரம் நினைவுக்கு வரவேண்டும். பிளக் இல்லாத வயரைத் தீக்குச்சி வைத்துப் பிளக்பாயின்ட்டில் செருகும் வழக்கம் இன்னமும் இருக்கிறது. ஈரத்தோடு அது சேர்ந்தால் உயிர் போகும். 30 மில்லி ஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் ஆர்.சி.சி.பி. இணைப்பில்தான் அந்த மெஷின் ஓட வேண்டும். நாலு அங்குலப் பிளேடு நிமிடத்துக்கு 11,000 சுற்றில் ஓடும்போது அதன் விளிம்பின் வேகம் மணிக்கு 200 கி.மீ.யைத் தாண்டுகிறது. கல்லின் இரு பாதியும் சமமாகத் தாங்கப்படவில்லை என்றால், வெட்டு முடியும் நேரத்தில் இடைவெளி இறுகிப் பிளேடைக் கவ்வும். அந்த விசை முழுவதும் மெஷினை வெட்டுபவர் பக்கம் உதைக்கும். ஆகவே வெட்டுக்கோட்டின் இருபுறமும் கட்டை வைத்துத் தாங்கி, முதலில் மூன்று நான்கு மி.மீ. ஆழத்துக்குக் கோடு போட்டு, பிறகு இரண்டு மூன்று ஓட்டத்தில் ஆழப்படுத்த வேண்டும். பிளேடு மேலுள்ள மூடியைப் பார்வைக்கு இடைஞ்சல் என்று கழற்றிவிடுவது மிகப் பரவலான தவறு. உடைந்த பிளேடின் துண்டைத் தடுக்க வேறு எதுவும் இல்லை. கண்ணாடியும், முகத்தோடு பொருந்தும் என்95 முகக்கவசமும், காலில் மூடிய செருப்பும் தண்ணீர் வெட்டிலும் அவசியம். வெட்டி முடித்த சேற்றை ஈரமாகவே அள்ளிவிட வேண்டும். காய விட்டால் அதே தூசி திரும்ப வரும்.

ரெயிலிங் கம்பிக்காக ட்ரெட்டின் ஓரத்தில் சதுரமாகக் காடி எடுக்கும்போது கல் பெரும்பாலும் உள்மூலையிலிருந்தே விரிகிறது. இதற்கான விளக்கம் ஒரு நூற்றாண்டுக்கு மேல் பழையது. தகட்டில் உள்ள துளையின் முனை எவ்வளவு கூர்மையோ அவ்வளவுக்கு அங்கே இறுக்கம் பெருகும் என்று ஆங்கிலேயப் பொறியாளர் இங்லிஸ் 1913-இல் கணக்கிட்டுக் காட்டினார். இரும்பு கொஞ்சம் வளைந்து கொடுத்து அந்த இறுக்கத்தை விழுங்கிவிடும். கல் வளையாது, விரியும். இரண்டு வெட்டும் சந்திக்கும் மூலையில் முதலிலேயே எட்டு மி.மீ. துளை ஒன்றைப் போட்டுவிட்டு, வெட்டுகளை அந்தத் துளையில் கொண்டுபோய் முடித்தால் கூர்முனையே உருவாகாது. துளையைக் கம்பியின் அடித்தட்டு மறைத்துவிடும்.

பதிப்பதிலும் இதே குணம்தான் ஆளுகிறது. கல் அழுத்தத்தை எவ்வளவு வேண்டுமானாலும் தாங்கும். வளைப்பதைத் தாங்கும் வலிமை அதில் ஒரு சிறு பங்குதான். அடியில் நாலைந்து உருண்டையாகச் சாந்து வைத்து அமுக்கினால், உருண்டைகளுக்கு இடையில் உள்ள வெற்றிடத்தின் மேல் கல் பலகைபோல நிற்கிறது. ஒருநாள் கேஸ் சிலிண்டரை அதில் வைத்து இறக்கும்போது விரிசல் விடும். கல்லின் அடியில் ஒட்டியிருக்கும் பட்டறைத் தூளைக் கழுவி, சிமென்ட் பாலோ பசையோ முழுவதும் தடவி, இடைவெளி இல்லாத படுக்கையில் அமர்த்தி, ரப்பர் சுத்தியால் தட்ட வேண்டும். எங்கே தொம்மென்று ஒலிக்கிறதோ அங்கே வெற்றிடம் இருக்கிறது. ரைசருக்கு முன்னால் நீட்டும் மூக்கு 20, 25 மி.மீ.க்குள் இருப்பது நல்லது. அதற்கு மேல் நீட்டினால் கல் முனையில் உடையும், ஏறுகிறவரின் விரலும் அதில் மாட்டும்.

வழுக்கலைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லலாம், ஏனென்றால் அதை எல்லோரும் அறிவார்கள். கண்ணாடிபோல மெருகேற்றிய கல்லில் தண்ணீர்ப் படலம் நின்றால் பாதம் கல்லைத் தொடாது. துடைக்கச் சுலபம் என்பதற்காக முழு மெருகைக் கேட்கிறவர்கள், சற்றுச் சொரசொரப்பான லெதர் ஃபினிஷ் கல்லும் அதே துடைப்புக்கு அடங்கும் என்பதை அறிந்தால் மாறக்கூடும். அதைவிடக் குறைவாகப் பேசப்படுவது விளிம்பு கண்ணுக்குத் தெரிவது. ஒரே நிறப் பளபளப்பில் மேலிருந்து பார்க்கும்போது படிகள் ஒன்றோடொன்று கரைந்து சரிவுபோலத் தெரிகின்றன. பிரிட்டனின் பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த எலியட்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 2009-இல் வெளியிட்ட ஆய்வில், ரைசர் முகப்பில் நெடுக்குக் கோடுகள் வரைந்த படி உண்மையைவிட உயரமாகத் தோன்றுவதையும், அதனால் மக்கள் காலை இன்னும் சற்று மேலே தூக்குவதையும் காட்டினார்கள். படியைப் பற்றிக் கண் சொல்வதைக் கால் அப்படியே கேட்கிறது. ட்ரெட்டின் முன்விளிம்பில் இரண்டு அங்குலத்துக்கு வேறு நிறக் கல்லோ சொரசொரப்பான பட்டையோ பதித்தால் கண் காலுக்குச் சரியான செய்தியைச் சொல்லும்.

செலவு கூடும் என்பதே கடைசியாக எஞ்சும் மறுப்பு. பழைய பூச்சைக் கொத்துவதற்கும், பசைக்கும், பட்டறை வெட்டுக்கும் காசு ஆகும், மறுப்பதற்கில்லை. ஆனால் வீட்டில் வைத்துப் பார்த்து வெட்டும் முறையில் சேதமாகும் கற்களையும், வீணாகும் கூலி நாட்களையும் யாரும் கணக்கில் எழுதுவதில்லை. தண்ணீர் வெட்டால் ஆகும் கூடுதல் நேரத்தை வீட்டுக்காரர் ஒப்பந்தத்திலேயே கூலியாகச் சேர்த்துப் பேசிவிட வேண்டும். சதுர அடிக் கணக்கில் கூலி பேசிவிட்டு மேஸ்திரியிடம் நிதானத்தை எதிர்பார்ப்பது நியாயமில்லை. பதிக்கும் நாளில் கீழ்த்தரை முடிவு மட்டத்திலிருந்து ஒவ்வொரு ட்ரெட்டின் மேல்மட்டமும் எத்தனை மி.மீ. என்பதைச் சுவரில் பென்சிலால் குறித்து, ரசமட்டம் வைத்து அந்தக் கோட்டுக்குக் கல்லைக் கொண்டுவர வேண்டும். முந்தைய படியிலிருந்து அளந்துகொண்டே போனால் இரண்டு மி.மீ. பிழைகள் சேர்ந்து சேர்ந்து மேலே போய் நிற்கும். அன்று மாலை, சாந்து இறுகுவதற்கு முன், 20 ரைசர்களையும் ஒருமுறை டேப் வைத்து அளக்கப் பத்து நிமிடம் ஆகும். 5 மி.மீ.க்கு மேல் விலகும் கல்லை அப்போதே தூக்கி மறுபடி உட்கார வைத்துவிடலாம்.